சுவரைப் பார்த்திருக்கும் பலகை

நம் ஓவியக் கூடத்தின் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டேன். எந்த மின்விசிறி சத்தம் போடும், மழை வந்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்த வேண்டும் என்பதெல்லாம் நீங்களே ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். கரியை எப்படிப் பிடிப்பது, நிழலை எங்கே நிறுத்துவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு இப்போது வீடியோக்கள் இருக்கின்றன, என்னைவிட நன்றாகவே சொல்கின்றன, எரிந்தும் விழுவதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர், மேற்குச் சுவரில் திருப்பி மாட்டியிருக்கும் வரைபலகையைத் தொட்டு, "டீச்சர், இது மாத்திரம் ஏன் சுவரைப் பாத்து இருக்கு?" என்று கேட்டீர்கள். டீ ஆறுகிறது என்று நான் பேச்சை மாற்றினேன். அதற்குப் பதில் சொல்லாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது சரியில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் தொழிலின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஃபிகர் ஆர்ட்டிஸ்ட் என்று சொன்னால் நாகர்கோவிலில் என் சித்தப்பா பிள்ளைகள் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "அக்கா ஃபிகர் வரையுதாளாம்லே" என்று ஒருவன் காதை இன்னொருவன் கடிப்பான். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஃபிகர் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சரி, உருவ ஓவியர் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டில் அதைக் கேட்ட ஒரு மாமா, தன் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து நீட்டி, கொஞ்சம் முடி சேர்த்து வரைந்து தர முடியுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் டிராயிங் டீச்சர் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அந்த வேலையும் பார்த்தேன் என்பதால் பொய்யும் இல்லை.

நம் கூடத்துக்கென்று ஒரு சொந்த வார்த்தை உண்டு. நீங்கள் வந்த முதல் நாளிலேயே அதைக் கேட்டிருப்பீர்கள். ஆள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை நாம் போஸ் என்று சொல்வதில்லை, இருப்பு என்கிறோம். "முதல் இருப்பு முடிஞ்சு டீ" என்று நீங்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். அதை இங்கே கொண்டுவந்தவள் பேச்சியம்மாள். அந்தப் பலகையில் இருப்பவளும் அவள்தான்.

பேச்சி வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மேஸ்திரியின் கீழே கட்டட வேலை செய்கிற கூட்டம் அவர்களுடையது. இங்கே திருவனந்தபுரத்துக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் முத்து, நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். நம் மாடி ஒழுகியபோது பூசுவதற்கு வந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கையைத் துடைத்துக்கொண்டே கதவருகில் வந்து நின்றாள். உள்ளே ஸ்டூலில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார், நாங்கள் சுற்றி நின்று வரைந்துகொண்டிருந்தோம்.

"அவரு என்ன பணி செய்யுதாரு, டீச்சர்?"

"ஒண்ணும் செய்யலை. உக்காந்திருக்காரு. நாங்க வரையுதோம்."

"அதுக்குக் கூலி உண்டா?"

"உண்டு."

"அதிசயந்தான். எங்க வேலையில உக்காந்தா கூலியப் பிடிப்பாவ. இங்க உக்காந்தாத்தான் கூலியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "எவ்ளோ நேரம் இருப்பு, டீச்சர்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அதன் பெயர் இருப்பு.

பலகையைத் திருப்பும் வழக்கமும் அன்றைக்கே வந்ததுதான். முதல் இருப்பு முடிந்ததும் மற்றவர்களைப் போல அவள் டீ குடிக்கப் போகவில்லை. ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றின் முன்னால் நின்றாள். அது யாருடையது என்று நான் சொல்லமாட்டேன், அவர் இப்போது நன்றாகவே வரைகிறார்.

"நான் இதுல அழுதுக்கிட்டா இருக்கேன்?" என்று கேட்டாள். "நான் அழலல்லா."

கேட்டுவிட்டு அந்தப் பலகையை மெதுவாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. வீட்டில் கலைந்து கிடக்கும் செருப்பை ஒதுக்கி வைப்பது மாதிரிதான் செய்தாள். அந்தப் படம் பிறகு வெளியே போகவில்லை. அடுத்த வாரம் இருக்க வந்தவரும் இதைக் கேள்விப்பட்டு, தனக்குப் பிடிக்காத ஒன்றைத் திருப்பினார். இப்படித்தான் அது நம் வழக்கமானது. யார் இருந்தாரோ அவர் முதலில் பார்ப்பார், அவர் திருப்பியது கூடத்தைத் தாண்டாது. யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை.

பேச்சி வருஷக்கணக்கில் எங்களுக்கு இருந்தாள். சேலையோடுதான். ஒரு நாள் நான் அவளிடம் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். துணிக்குக் கீழே எலும்பும் தசையும் எப்படிப் போகின்றன என்று பார்க்காமல் இந்த வேலையைச் சரியாகக் கற்க முடியாது, பெரிய ஊர்களில் அதற்கு ஆட்கள் வருவார்கள், உனக்கு மனசு இருந்தால் சொல், இல்லையென்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுவோம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். சில வாரம் கழித்து அவளே பேச்செடுத்தாள்.

"முதுகு மட்டும் போதுமா?"

"தாராளமா போதும்."

"எனக்கும் ஒரு ஆசை உண்டு, டீச்சர். நான் என் முதுகைப் பாத்ததே இல்ல. கண்ணாடி இருக்குத வீட்டுல நான் இருந்ததில்ல. வரைஞ்சு காட்டுங்க, எப்படி இருக்குன்னு பாக்கட்டும்."

அவளுக்கு முன்னால் ஒரு தட்டி வைத்தோம். இடுப்புக்குச் சேலையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நாங்கள் எல்லாருமே கொஞ்சம் பயந்துதான் வரைந்தோம். அதில் ஹரி வரைந்தது மட்டும் வேறு மாதிரி வந்துவிட்டது.

ஹரி திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகத்துப் பையன். வீட்டில் பழைய தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். கெட்டிக்காரன், அவசரக்காரன். பொதுவாக அவன் படங்களில் திறமை கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். அன்றைக்கு அது தெரியவில்லை. ஒரு பெண்ணின் முதுகு, அவ்வளவுதான். ஆனால் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அது பேச்சி. இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கி, அதற்கு ஈடு கொடுக்கிற மாதிரி தலை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. நான் வாழ்க்கையில் ஒரு தடவை இப்படி வரைந்திருந்தால் போதும் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

பேச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். "இதா என் முதுகு? பரவால்லியே" என்றாள். திருப்பவில்லை.

ஹரி அதை ஆன்லைனில் போடலாமா என்று அவளிடமே கேட்டான். அவன் கேட்டது எல்லாம் முறையாகத்தான். கூடத்தில் அதற்கும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம், முகமும் பெயரும் வெளியே போகக் கூடாது, இருந்தவர் சரி என்று சொல்ல வேண்டும் என்று. பேச்சி யோசித்தாள். "முகம் தெரியாதுல்லா? அப்ப போடு தம்பி" என்றாள். போட்டான்.

நீங்கள் பிறந்ததிலிருந்தே போனோடு வளர்ந்தவர்கள், அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் படங்களை எப்போதும் பார்ப்பவர்கள் எங்கள் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், அப்புறம் ஒன்றிரண்டு அத்தைகள். இது அப்படி நிற்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எடுத்து அனுப்பினார்கள், அவர்கள் அனுப்பியதை இன்னும் யாரோ அனுப்பினார்கள். கொச்சியில் ஒரு கேலரியிலிருந்து, வரப்போகும் கண்காட்சிக்கு இந்தப் படம் வேண்டும் என்று ஹரிக்குச் செய்தி வந்தது. அவன் தரையில் நடக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், நம் கூடத்தில் பிறந்த படமல்லவா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி வரவில்லை. வாரத்தின் நடுவில், ஒரு மத்தியானம், நான் கூடத்தில் தனியாகக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள். வேலைச் சேலை, தலைமுடியில் சிமென்ட் தூசி. அப்போது அவர்கள் கூட்டம் பொன்முடிக்குப் போகிற வழியில், கல்லாற்றில், ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்து பஸ் ஏறி நேராக வந்திருந்தாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், அது நான்னு கண்டுபிடிச்சுட்டாவ."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "முகமே இல்லையே பேச்சி?"

"முகம் யாருக்கு வேணும்? மூங்கில் சாரத்துல கலவைச் சட்டி தூக்கிட்டு வரிசையா ஏறுதோம். முன்னால போறவ முதுகைப் பாத்துத்தான் பின்னால உள்ளவ கால வைக்கா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் முதுகுதான். எங்க கூட்டத்துல இருட்டுல நின்னாலும் முதுக வச்சு ஆளச் சொல்லிருவாவ."

யாரோ குரூப்பில் அனுப்பியதை ஒருவன் சாரத்துக்குக் கீழே நின்று காட்டியிருக்கிறான். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சிரித்திருக்கிறார்கள். மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பேச்சி, இது நீ இல்லல்லா?" என்று கேட்டிருக்கிறார். அவள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். நாற்பது வருஷம் உருவம் வரைந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. ஆள் முகத்தில் மட்டும் இல்லை, நிற்பதில் இருக்கிறான், தோளில் இருக்கிறான், அதைப் பிடி என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். ஆன்லைனில் போடும்போது மட்டும், முகத்தை வெட்டிவிட்டால் ஆள் போய்விட்டது என்று நம்பினோம். வேறு எந்தத் தொழில் செய்கிறவருக்கும் இந்தத் தப்பு இவ்வளவு கச்சிதமாக வராது. ஹரி சுமாராக வரைந்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. போடு என்று சொன்ன பேச்சிக்கும் தெரிய வழியில்லை. அவள் கூட்டத்தில் அந்த முதுகைப் பார்த்திராத ஒரே ஆள் அவள்தான்.

"வேலையை நிறுத்திருவாரா?" என்று கேட்டேன்.

"வேலை போனா இன்னொண்ணு. அது பரவால்ல." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எல்லாம் ஊர்க்காரவிய, டீச்சர். இன்னைக்கு இங்க சிரிச்சா நாளைக்கு ஊர்ல சிரிப்பாவ. முத்துகூடப் படிக்கவனும் எங்க ஊருதான். நான் இங்க வந்து படத்துக்கு இருக்கேன்னு அவன்கிட்ட நான் சொன்னதில்ல. சொல்லணும்னுதான் இருந்தேன், நேருல பாக்கையில சொல்லணும்னு. அவன் இத இன்னொருத்தன் வாயில இருந்து, சிரிப்போட கேக்கக் கூடாது. அவ்ளோதான் எனக்கு."

அவளுக்கு வேண்டியது அதுதான். கலை, மானம், உரிமை என்று அதற்குப் பெரிய பெயர் எதுவும் வேண்டாம். மகனிடம் தானே சொல்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். நான் ஹரியைக் கூப்பிட்டேன்.

ஹரி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. நல்ல பையன்தான். ஆனால் நம் ஆட்களுக்குப் பயம் வந்தால் உடனே எழுதத் தோன்றும்.

"டீச்சர், நான் இப்பவே ஒரு போஸ்ட் எழுதறேன். அவாளுக்கு விளக்கிச் சொல்லணும். உடம்புங்கிறது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லைன்னு..."

"எழுது," என்றேன். "ஆனா போடுறதுக்கு முன்னால இவகிட்ட வாசிச்சுக் காட்டு."

ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் வேகமாக எழுதினான். பிறகு எழுந்து நின்று வாசித்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான், அதையும் சொல்ல வேண்டும். உழைக்கும் பெண்ணின் உடல் எப்படி ஒரு நகரத்தையே சுமக்கிறது என்று ஆரம்பித்து நீளமாகப் போனது. பேச்சி மரியாதையாக முழுவதையும் கேட்டாள்.

"நல்லா இருக்கு தம்பி," என்றாள். "இத எங்க சாரத்துல நிக்கவன் படிப்பானா?"

ஹரி போனிலிருந்து நிமிர்ந்தான்.

"படிச்சா, நான்தான்னு அவனுக்கு உறுதி ஆகும்லா?"

ஹரி போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு எழுதியதை அழித்தான். அழித்துவிட்டு, "அப்போ படத்தை உடனே எடுத்துடறேன்" என்றான். அதற்கும் நான் வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எழுதினாலும் தப்பு, எடுத்தாலும் தப்பா? பக்ஷே டீச்சர், நான் என்னதான் பண்ணட்டும்? கேட்டுட்டுத்தானே போட்டேன்! எல்லாம் கேட்டுட்டுத்தானே!"

"கேட்டுத்தான் போட்ட. யாரும் உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா மேஸ்திரி இன்னைக்குக் கேட்டாரு, நாளைக்குப் படம் காணோம்னா, அதைவிட வேற சாட்சி வேணுமா?"

நெருக்கடி வரும்போது நம் கை முதலில் போனுக்குத்தான் போகும். போட வேண்டும், அல்லது எடுக்க வேண்டும், ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும். அடங்குவது நம்முடைய மனசு. அன்றைக்குப் பிரச்சினை இருந்த இடம் போன் இல்லை, கல்லாற்றில் ஒரு சாரத்தின் அடியில் நின்றுகொண்டிருந்த சில பேர். அவர்களிடம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேச்சியிடம் கேட்டேன்.

"நான் வந்து என்ன சொல்லட்டும்?"

"நான் இல்லன்னு சொல்லணும், டீச்சர்."

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பேச்சி முன்னால் பெண்களோடு உட்கார்ந்தாள், வித்துராவில் இறங்கி வேறு பஸ் மாறும்போதும் எங்களைத் தெரியாத மாதிரியே நின்றாள். கல்லாற்றில் அவள் முதலில் போய்விட, நாங்கள் ஒரு டீ குடித்துவிட்டுத் தாமதமாகப் போவதாக ஏற்பாடு. ஹரி வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். கல்லாறு நெருங்கும்போது, "நீங்க பொய் சொல்லப் போறேளா?" என்று மட்டும் கேட்டான். "ஆமாம்" என்றேன். எனக்குப் பொய் சொல்வதில் பெரிய பயிற்சி இல்லை. ஸ்கூலில் லீவு கேட்பதற்காகச் சொன்னதோடு சரி.

ஆற்றுச் சத்தத்துக்குப் பக்கத்தில் பாதி எழும்பிய கட்டடம். பெண்கள் சும்மாடு வைத்து, கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேச்சி சொன்னது போல முதுகு, அதன் பின்னால் முதுகு. மேஸ்திரி என் வயதுக்காரர், நரைத்த மீசை, கழுத்தில் துண்டு. நான் யார் என்று சொன்னதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டார். நான் உட்காராமல் போனை நீட்டினேன்.

"இந்தப் படம் எங்க இடத்துல வரைஞ்சது. இந்தத் தம்பிதான் வரைஞ்சது. உங்க கூட்டத்துல யாரோ ஒருத்தரை இதை வச்சுப் பேசறதாக் கேள்விப்பட்டேன். அதான் நேருல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இது யாரையும் பாத்து வரைஞ்சதில்லை. மனசுல இருந்து வரைஞ்சது."

சுற்றிலும் பூச்சுக் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஹரியைப் பார்த்தார். பேச்சி மேல் தட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அசையவே இல்லை.

"எங்க பிள்ளை ஒருத்தி மாதிரியே இருக்கே, டீச்சர்?"

"சட்டி சுமக்கிறவங்க எல்லாருக்கும் தோள் இப்படித்தானே இறங்கும்? நீங்களே பாருங்க."

அவர் திரும்பிச் சாரத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் வரைந்து பழகிய கண்ணுக்குக் கொஞ்சமாவது தெரியும். அவருக்கு உண்மை முன்பே தெரிந்திருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது, அத்தனை பேர் முன்னால் திருப்பிச் சொல்வதற்கு ஒரு வார்த்தை. அது அவர் கையில் வந்ததும் குரலை உயர்த்தினார்.

"கேட்டியளாடே? மனசுல இருந்து வரைஞ்சதாம். டீச்சர் இவ்ளோ தூரம் வந்து சொல்லுதாவ. இனி எவனாவது போனக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சா, போனு ஆத்துல கெடக்கும். பணியப் பாருங்க."

கரண்டிச் சத்தம் மறுபடியும் கேட்டது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் மேஸ்திரி எங்களோடு நடந்து வந்தார். கிளம்பும்போது ஹரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"தம்பி மனசுல நல்லாத்தான் பாத்திருக்கு," என்றார்.

நாங்கள் வித்துராவில் இறங்கினோம். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஹரி கொச்சிக்குப் போன் செய்து, அந்தப் படம் கண்காட்சிக்கு வராது என்று சொன்னான். அவர்கள் காரணம் கேட்டிருக்க வேண்டும். "அது சரியாகலை" என்று மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டான். பிறகு பஸ் நிலையத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் வரைந்ததில் ஆகச் சிறந்தது அது. அதைச் சரியாக வரவில்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அவன் மேல் அன்றைக்கு வந்த பிரியம் இன்றைக்கும் குறையவில்லை. கொஞ்ச நாள் போனபிறகு, பழைய படங்கள் பலவற்றோடு சேர்த்து அதையும் எடுத்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. போன இடமெல்லாம் தேடி எடுக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி வந்து, ஹரியிடம் அந்தப் பலகையைக் கேட்டு வாங்கினாள். காகிதத்தைப் பலகையிலிருந்து பிரிக்க விடவில்லை. அப்படியே மேற்குச் சுவரில் ஆணியில் மாட்டி, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"நான் முத்துகிட்டச் சொல்லணும். சொல்லிட்டு நானே வந்து திருப்புதேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது, கேட்டியளா?"

அதற்குப் பிறகு அவள் இருப்புக்கு வரவில்லை. வருகிற தைரியம் இல்லை என்று சொல்லமாட்டேன், வரவேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். நாங்களும் கூப்பிடவில்லை. ஆனால் கூடத்தில் நாங்கள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. இதைப் போடலாமா என்று எடுத்தவுடனே கேட்பதில்லை. உங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் யார், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று முதலில் கேட்கிறோம். தையல் மெஷினில் குனிந்து உட்காருகிற ஒருவர், "என் உச்சந்தலையை எங்க முதலாளி எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிருவார்" என்று சிரித்தார். ஹோட்டலில் பரிமாறுகிற ஒருவர் தன் கைகளைப் போட வேண்டாம் என்றார். முகம் போட்டால் பரவாயில்லையாம், சாப்பிட வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லையாம். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கொஞ்சம் பொறுமையாக நின்றால், அவர்களே யோசித்துச் சொல்வார்கள். உங்களுக்கு அது சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், முத்துவின் படிப்பு முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சி வந்தாள். கூடத்தில் நானும் ஹரியும் மட்டும் இருந்தோம். அவளுக்குப் பின்னால் ஓர் உயரமான பையன், கையில் பேக்கரிப் பொட்டலம். "என் மவன், டீச்சர்" என்றாள். அவன் வணக்கம் சொன்னான். சுவர் முழுக்க இருந்த படங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. அவன் என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை.

பேச்சி மேற்குச் சுவருக்குப் போய்ப் பலகையைத் திருப்பினாள்.

முத்து நிமிர்ந்தான். முதலில் அவன் காது சிவந்தது. ஹரி ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டான், எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பையன் ஒரு அடி முன்னால் வந்தான். இன்னும் ஒரு அடி வந்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலைக் காகிதத்தில் படாமல் நீட்டி, இடது தோளைக் காட்டினான்.

"இது இப்படி எறங்கியிருக்கே. வலிக்குமாம்மா?"

அத்தனை வருஷம் இருந்தவள், எந்த இருப்பிலும் அசையாதவள், அன்றைக்கு அவள் கை தானாகப் போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது.

"ராத்திரி படுக்கையில கொஞ்சம்," என்றாள்.

"சொன்னதே இல்லியே."

"நீ கேட்டதில்லியேப்பா."

நான் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மாடியிறங்கிக் கீழே போய் நின்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. திரும்பி வந்தபோது முத்து ஹரியிடம், கரி கையில் ஒட்டினால் எப்படிப் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சி டீயை வாங்கிக் குடித்தாள். கிளம்பும்போது மறுபடியும் அந்தப் பலகையிடம் போய், அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள்.

"ஏன் பேச்சி? இனி என்ன?" என்று கேட்டேன்.

"பாக்க வேண்டியவன் பாத்தாச்சு, டீச்சர்," என்றாள். "இனி இப்படியே இருக்கட்டும்."

அதனால்தான் அது அப்படி இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றிக்கொள்ளுங்கள், காய்ந்ததும் பழையபடியே மாட்டிவிடுங்கள்.